லாட்ஜரை வெளியேறச் சொல்ல கவ்.யூகே வழிகாட்டி போதுமா?

இங்கிலாந்தில் தான் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை வாடகைக்கு விட்டவர், லாட்ஜரோடு (அந்த அறையில் குடியிருப்பவரோடு) ஒத்துப்போகாதபோது முதலில் தட்டிப் பார்ப்பது பிரிட்டிஷ் அரசின் கவ்.யூகே தளத்தின் 'உங்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுதல்' பக்கங்களைத்தான். காசு இல்லை, எளிய ஆங்கிலம், ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் வாசித்துவிடலாம். சொல்லியிருக்கும் சட்டம் சரி. கடிதம் கொடுக்கிற நாளிலும் அதற்குப் பிறகும் என்ன செய்வது என்பதில்தான் கைவிட்டுவிடுகிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

இதில் உருப்படியான பகுதி, லாட்ஜர் எந்த வகையில் வருகிறார் என்று விளக்கும் பக்கம். அதை விட்டுவிட்டு நேரே 'முடித்துக்கொள்ளுதல்' பக்கத்துக்குத் தாவுகிறவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் அங்கேயே குடியிருந்து, சமையலறையையோ குளியலறையையோ கூடத்தையோ லாட்ஜரோடு பகிர்ந்தால், 1977ஆம் ஆண்டு வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஏ பிரிவின்படி லாட்ஜருக்கு நீதிமன்றப் பாதுகாப்பு கிடையாது, அதாவது நீதிமன்ற உத்தரவு இல்லாமலே வெளியேறச் சொல்லலாம். நியாயமான கால அவகாசம் கொடுத்தால் போதும். மாடிப்படி, நடைபாதை, சாமான் அறை ஆகியவற்றைப் பகிர்வது கணக்கில் வராது.

லண்டனில் பல வீடுகளின் பின்தோட்டத்தில் தனி ஷவரும் சிறு அடுப்பும் வைத்துக் கட்டிய அறைகள் உண்டு. அங்கே இருப்பவர் வீட்டுக்காரரோடு எதையும் பகிர்வதில்லை. எனவே எழுத்தில் முறையான நோட்டீஸ், அதற்கும் போகாவிட்டால் நீதிமன்ற உத்தரவு. வீட்டைப் பூட்டி லாட்ஜரிடம் விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஊரில் போய் இருப்பவர்களும் யோசிக்க வேண்டும். நீதிமன்றம் போகாமல் முடிக்க வேண்டும் என்றால் அது வீட்டுக்காரரின் முதன்மை வீடாகவும், ஒப்பந்தம் முடியும் வேளையில் பகிரும் வீடாகவும் இருந்தாக வேண்டும்.

அவகாசம் எவ்வளவு? வாடகை எந்த இடைவெளியில் வருகிறதோ அவ்வளவு என்கிறது வழிகாட்டி: வார வாடகை என்றால் ஒரு வாரம், மாத வாடகை என்றால் ஒரு மாதம். எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் செல்லும். இணையத்தில் கிடைத்த முழு வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியவர்கள் இரண்டு மாதம் காத்திருக்க நேர்வது இதனால்தான். ஆறு மாதம் என்று கெடு வைத்து எழுதியிருந்தால், இடையில் முறிக்கும் வாசகம் இல்லாமல் முன்னதாக அனுப்புவது சிக்கல்.

நோட்டீஸ் எழுத்தில் இருக்கத் தேவையில்லை என்றும் வழிகாட்டி சொல்கிறது. சட்டப்படி உண்மைதான், நடைமுறைக்கு உதவாத அறிவுரை. 'நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று ஆரம்பித்தால் எதைக் காட்டுவது? ஒரு பக்கக் கடிதம் போதும்: தேதி, லாட்ஜரின் முழுப்பெயர், எந்த அறை, வாடகை எந்த நாள் வரை வந்திருக்கிறது, எந்த நாள் எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும், சாவியை யாரிடம் கொடுப்பது, டெபாசிட் எப்போது திரும்பும். காரணம் எழுதத் தேவையில்லை. எழுதினால் வாக்குவாதம்தான் வளரும். கையில் கொடுத்துவிட்டு, அதையே படம் பிடித்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். கெடு முடிந்தபின் வழக்கம்போல வாடகை வாங்கினால் புதிதாக அனுமதி கொடுத்ததாக அவர் வாதிட இடம் உண்டு.

பூட்டு மாற்றலாமா என்பதுதான் எல்லோரும் தேடும் பதில். அது இந்த வழிகாட்டியில் இல்லாமல், வாடகைதாரர்களை வெளியேற்றுவது பற்றிய வேறொரு கவ்.யூகே பக்கத்தில் கிடக்கிறது. வீட்டுக்காரரோடு பகிரும் லாட்ஜர் என்றால் கெடு முடிந்தபின் மாற்றலாம், உள்ளே சாமான் இருந்தாலும் சரி. அவர் வெளியே போயிருக்கும் வேளையில் செய்யுங்கள். உள்ளே ஆள் மறுத்து நிற்கும்போது பலத்தால் நுழைவது 1977ஆம் ஆண்டு குற்றவியல் சட்டப்படி குற்றம். கெடு முடியும் முன் ஹீட்டிங்கை அணைப்பதும் சாமானை வெளியே வைப்பதும் அதே அளவு ஆபத்து.

யூரோ சிலிண்டர் (சாவி நுழையும் உருளையை மட்டும் தனியே மாற்றக்கூடிய) பூட்டு என்றால் கதவின் ஓரத்தில் உள்ள ஒற்றைத் திருகைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பி இழுத்தால் சிலிண்டர் வந்துவிடும். புதியதை வாங்கும் முன் அந்தத் திருகின் துளையிலிருந்து இரு பக்கமும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். 35க்கு 45 மில்லிமீட்டர் என்பது 40க்கு 40க்குப் பதிலாகப் பொருந்தாது.

விட்டுப்போன சாமானைக் குப்பையில் போடக் கூடாது. படம் எடுத்து, பெட்டியில் கட்டி, எந்த நாளுக்குள் எங்கே வந்து எடுக்க வேண்டும், தவறினால் விற்கப்படும் என்று எழுதி அனுப்ப வேண்டும். விற்றால் செலவு போக மீதி அவருடையது.

டெபாசிட் பகுதி மேலோட்டம். லாட்ஜரின் டெபாசிட்டை அரசுத் திட்டத்தில் போட்டுவைக்கத் தேவையில்லை. ஆனால் 2019இல் வந்த வாடகைதாரர் கட்டணச் சட்டப்படி ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது: மாதம் 650 பவுண் என்றால் 750 பவுண். தராமல் வைத்துக்கொண்டால் அவர் சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம்.

2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டத்தால் இனி யாரையும் வெளியேற்ற முடியாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். வீட்டுக்காரரோடு சமையலறை பகிரும் லாட்ஜருக்கு அது பொருந்தாது. ஸ்காட்லாந்திலும் வேல்சிலும் சட்டமே வேறு. அங்குள்ளவர்கள் இந்த வழிகாட்டியைத் தொட வேண்டாம். தோட்டத்து அறையை வாடகைக்கு விட்டவர்களும் இதில் நேரம் செலவழிக்காமல் நேரே சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்புக்குப் போவது நல்லது. மற்றவர்கள் வகைப் பக்கத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, கடிதத்தைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம். அவர் போனபின் வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டும் என்றால் கவுன்சிலுக்குச் சொல்லுங்கள், கவுன்சில் வரியில் 25 சதவீதம் குறையும்.