மீன் ஏலத்து வெளிச்சத்தில் ஒரு 50 மி.மீ லென்ஸ்

கேனான் ஈ.எஃப் 50 மி.மீ எஃப்/1.8 எஸ்.டி.எம் லென்ஸ் வாங்கலாமா என்று சக ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மனிதர்களைப் படமெடுக்க ஆசை இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரத் தெருக்களை எடுப்பதற்காக என்றால் வேண்டாம்.

நான் கடலூரில் இயற்பியல் ஆசிரியை. என்னிடம் இருப்பது கேனான் 200டி கேமராவும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நான் பெரும்பாலும் முதுநகர் துறைமுகத்தில்தான் இருப்பேன். படகுகள் கரை சேர்ந்து, கூடைகள் இறங்கி, ஏலம் சூடுபிடிக்கிற நேரம் அது. சூரியன் வந்திருக்காது. கம்பத்து விளக்கும், கடல் பக்கமிருந்து மெல்ல ஏறுகிற நீல வெளிச்சமும்தான் துணை. இந்த லென்ஸின் அருமை தெரிவது அந்த நேரத்தில்தான்.

கிட் லென்ஸை 50 மி.மீ-க்கு நீட்டினால் அதன் அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப்/5.6-க்கு மேல் திறக்காது; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது. இந்த 50 மி.மீ லென்ஸ் எஃப்/1.8 வரை திறக்கும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 9.7 வருகிறது. அதாவது படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்குக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் போகிறது. கிட் லென்ஸில் 1/25 நொடி ஷட்டர் வைத்துத் திணறும் இடத்தில் இதில் 1/250 வைக்கலாம். கிட் லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, இந்த லென்ஸில் அது கிடையாது. ஆனால் அது என் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். ஏலம் கூறுகிறவர் வீசும் கையையும், கூடையைச் சரிக்கும் அக்காவின் தலைத் திருப்பலையும் வேகமான ஷட்டர்தான் நிறுத்தும்.

இன்னொரு விஷயம், தூரம். 200டி-யின் சிறிய சென்சாரில் இந்த 50 மி.மீ, ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சார்) கணக்கில் 80 மி.மீ லென்ஸின் பார்வைக்கோணத்தைத் தருகிறது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் ஒருவரின் தலையிலிருந்து இடுப்பு வரை சட்டத்துக்குள் வரும். இரண்டு மீட்டர் என்பது பேச்சுக் கொடுக்கிற தூரம். "என்ன டீச்சர், இன்னிக்கும் மீனத்தான் எடுக்கப் போறியா, எங்கள எடுக்க மாட்டியா?" என்று கேட்பவரிடம் பதில் பேசிக்கொண்டே எடுக்கலாம். டெலி லென்ஸ் போட்டுக்கொண்டு எங்கோ தள்ளி நின்று, தெரியாமல் ஒருவர் முகத்தை எடுப்பது எனக்குப் பிடிக்காது. கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். எடுத்ததைத் தபால் அட்டை அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும். லென்ஸின் எடை சுமார் 160 கிராம்தான், பார்க்கவும் சின்னது. அதனால் எதிரில் இருப்பவர் மிரள்வதில்லை.

எஃப்/1.8 இருக்கிறதே என்று எப்போதும் அதிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மீட்டரில் இருக்கும் முகத்தை எஃப்/1.8-ல் எடுத்தால் தெளிவாக விழுகிற ஆழம் இரண்டரை செ.மீ-தான். மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும். இரண்டு மீட்டரில் அது 11 செ.மீ ஆகிறது. எஃப்/2.8-க்கு மாறினால் 17 செ.மீ. ஒரு முகம் முழுக்க அதில் அடங்கும், பின்னால் இருக்கும் படகுகளும் கரைந்தே தெரியும். விளக்கு வெளிச்சம் போதுமென்றால் நான் எஃப்/2.8-ல்தான் வைக்கிறேன். லென்ஸின் கூர்மையும் அங்கேதான் நன்றாக இருக்கிறது. எஃப்/1.8-ல் எல்லாமே சற்றுப் பூசினாற்போல இருக்கும். மீன் செதிலிலும் எவர்சில்வர் தட்டின் விளிம்பிலும் ஊதாவும் பச்சையுமாக ஒரு கோடு வேறு ஓடும். சங்கரா மீனின் சிவப்புக்குப் பக்கத்தில் அந்த ஊதா கண்ணை உறுத்துகிறது.

ஃபோகஸ் பற்றி. வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் நடுப்புள்ளி ஒன்றைத்தான் நம்புகிறேன். திரையில் பார்த்து எடுக்கும்போது முகத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது. மோட்டார் வேலை செய்வது மெல்லிய ரீங்காரமாகக் காதில் விழும். அமைதியான இடத்தில் வீடியோ எடுத்தால் அதுவும் பதிவாகும். ஏலத்தின் இரைச்சலில் எனக்கு அது பொருட்டில்லை. ஃபோகஸ் வளையம் நேரடியாகக் கண்ணாடியைத் திருப்புவதில்லை, மோட்டார் வழியாகத்தான் நகர்த்துகிறது. கேமராவை அணைத்துவிட்டால் வளையத்தைச் சுற்றி ஒன்றும் ஆகாது.

சரி, புதுச்சேரிக்கு வருவோம். தூய்மா வீதியிலோ ரொமேன் ரோலன் வீதியிலோ எட்டு மீட்டர் அகலமுள்ள ஒரு வீட்டு முகப்பை இந்த லென்ஸில் முழுசாக எடுக்க நீங்கள் பதினெட்டு மீட்டர் பின்னால் போக வேண்டும். அந்தத் தெருக்களில் அதற்கு இடம் கிடையாது. எதிர்ச்சுவரில் முதுகு ஒட்டி நின்றாலும் பாதிக் கதவும் ஒரு ஜன்னலும்தான் கிடைக்கும். அதே கேனானின் ஈ.எஃப்-எஸ் 24 மி.மீ எஃப்/2.8 என்றால் ஒன்பது மீட்டருக்குள் அதே முகப்பு அடங்கிவிடும். மஞ்சள் சுவர், காகிதப்பூ, பழைய மரக்கதவு எல்லாம் சேர்த்து எடுக்க நினைப்பவர்கள் அந்த லென்ஸைப் பாருங்கள். 50 மி.மீ அங்கே பயன்படுவது சின்னச் சின்ன விஷயங்களுக்கு. 35 செ.மீ வரை கிட்டப் போகலாம் என்பதால் கதவுப் பிடியும் சுவரில் உரிந்த சுண்ணாம்பும் அழகாக வரும். பெரிய மார்க்கெட்டுக்குள் போனால் நிலைமை மாறுகிறது. பூ கட்டுகிறவர்களின் கைகளும் முகங்களும், மேலிருந்து ஒழுகும் மங்கல் வெளிச்சமும் இந்த லென்ஸுக்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன.

கடற்கரைச் சாலையில் இரவில் எஃப்/11 வைத்து, ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி விளக்குகளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் 14 கதிர் இருக்கும். அபெர்ச்சர் இதழ்கள் ஏழு என்பதால் அப்படி. இதழ் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் கதிர் அதன் இருமடங்காக வரும். 1990-ல் வந்த இதன் முந்தைய வடிவத்தில் ஐந்தே இதழ்கள். அபெர்ச்சரைக் கொஞ்சம் சுருக்கினால் மங்கலான விளக்குப் பொட்டுகள் அதில் ஐங்கோணமாகத் தெரியும், இதில் வட்டத்துக்கு நெருக்கமாக இருக்கின்றன. ஆனால் நம் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், நேரே பார்த்து எடுத்தால் வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறிப் படம் வெளிறிப்போகும். லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான ஹூட் போடுங்கள். அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

பகல் வெயிலில் எஃப்/1.8 என்ற நினைப்பையே விட்டுவிடலாம். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரிசையாக வந்து நிற்கும் உச்சி வெயிலில், சென்சாரின் உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ 100-ல் எஃப்/1.8 வைத்தால் ஏறக்குறைய 1/8000 ஷட்டர் கேட்கும். 200டி 1/4000-லேயே நின்றுவிடும். எஃப்/4 வைத்துக்கொண்டு நிம்மதியாக எடுக்கலாம்.

அப்புறம் எடிட்டிங். லென்ஸ் விமர்சனத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். ஏலத்தில் எடுத்த படம் கேமராவில் இருக்கும்வரை பாதிதான் முடிந்திருக்கிறது. கூடையெல்லாம் ஐஸ், சுற்றிலும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் பார்ப்பதையெல்லாம் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். ஐஸைக் கண்டதும் வெளிச்சம் அதிகம் என்று முடிவு செய்து படத்தை இருட்டாக்கிவிடும். அப்போது வெயிலில் கறுத்த முகங்கள் அடையாளமே தெரியாமல் போகும். அதனால் எடுக்கும்போதே எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு வெளிச்சம்) கூட்டி வைத்து, சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபைலில் எடுக்கிறேன். வீட்டில் டார்க்டேபிள் என்ற எடிட்டிங் மென்பொருளில் திறந்து ஐஸின் வெளிச்சத்தை மட்டும் கீழே இறக்குகிறேன். டார்க்டேபிள் முழுக்க இலவசம், மூல ஃபைலைத் தொடாது, செய்த மாற்றங்களைப் பக்கத்திலேயே தனி ஃபைலாக எழுதி வைக்கும். செதில் விளிம்பின் ஊதாக் கோட்டை நீக்கவும், அதிக ஐ.எஸ்.ஓ-வின் புள்ளிகளைக் குறைக்கவும் அதில் தனித்தனி மாட்யூல்கள் இருக்கின்றன. லேப்டாப் பழசென்றால் புள்ளி நீக்குவதைக் கடைசியில் போடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அசைவுக்கும் காத்திருக்க நேரும்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்வேன். முகத்தில் வெளிச்சம் ஏற்றுங்கள், நிறத்தை வெளுப்பாக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு. போன் செயலிகளில் ஒரே தட்டலில் கறுப்புத் தோல் சந்தன நிறமாகிவிடுகிறது. அதைச் செய்து ஒரு மீன்கார அக்காவிடம் கொடுத்தால் அது அவர் படமே இல்லை. கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழலைக் கொஞ்சம் தூக்கி, தோலின் பழுப்பில் இருக்கும் சிவப்பைக் காப்பாற்றினால் போதும். உப்புக்காற்று பட்ட தோலுக்கு ஒரு பளபளப்பு உண்டு. எஃப்/2.8-ல் இந்த லென்ஸ் அதை அப்படியே பிடிக்கிறது.

உடம்பு பிளாஸ்டிக், கேமராவோடு பொருந்தும் வளையம் உலோகம். பழைய வடிவத்தில் அந்த வளையமும் பிளாஸ்டிக்தான். இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கக் குழாய் வெளியே நீண்டு உள்ளே போகிறது. தூசுக்கும் ஈரத்துக்கும் தடுப்பு எதுவும் இல்லை. கடற்கரையில் காற்று அடிக்கும் நாளில் மணல் அந்த இடுக்கில் போகும். முன்கண்ணாடியைக் காக்க 49 மி.மீ ஃபில்டர் ஒன்றை மாட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் சற்று ஈரத்துணியால் துடைத்து உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். அடுத்தது பூஞ்சை. நம் ஊர்க் காற்றில் லென்ஸைத் தோல் பைக்குள் மூடி வைத்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல அது படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி வையுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வறுத்து மறுபடி போடலாம்.

பலரும் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கு மாறுவதால் இந்த லென்ஸ் பழசாக நிறையக் கிடைக்கிறது. நேரில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள், நூல் நூலாக ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. கேமராவில் மாட்டி, கிட்டத்தில் ஒன்றையும் தூரத்தில் ஒன்றையும் மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்து, காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ரீங்காரம் சீராக இருந்தால் நல்லது. கரகரவென்று அரைபட்டால் உள்ளே மணல் இருக்கலாம், விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வாங்க வேண்டாம்.