குளியல் பொடி, மூலிகை சோப், வாட்ஸப் சோப்: உள்ளே என்ன இருக்கிறது?

போன மே மாதம் என் அக்கா மகளுக்குக் கழுத்திலும் முன்னங்கையிலும் தோல் சிவந்து எரிந்தது. நாலைந்து நாளில் திட்டுத் திட்டாகக் கறுத்துவிட்டது. சோப்பை விட்டு நலங்கு மாவுக்கு மாறிய இரண்டாவது வாரம் அது. சென்னையில் வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் ஸ்கூட்டியில் போகிறவள். தோல் டாக்டர் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதில் கடை முத்திரையும் ‘சுத்தமான மூலிகை’ என்ற ஒரு வரியும்தான் இருந்தன.

கடைக்கே போய்க் கேட்டேன். “பதினாறு சாமான் போட்டு அரைக்கிறோம்மா, எல்லாம் நல்ல சாமான்” என்றார் கடைக்காரர். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னதும், நடுவில் கார்போகரிசி என்ற விதையின் பெயர் வந்தது. டாக்டர் சந்தேகப்பட்டதும் அதைத்தான். அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. தோலில் அது பட்டிருக்கும்போது வெயில் அடித்தால் தோல் வெந்துவிடும். வெண்புள்ளிக்குக் கார்போகரிசி கொடுக்கும் வைத்தியர்கள் வெயிலையும் அளந்துதான் சொல்வார்கள். நாமோ அதைத் தேய்த்துக் குளித்துவிட்டு கத்திரி வெயிலில் ஓஎம்ஆரில் வண்டி ஓட்டுகிறோம்.

அன்றிலிருந்து எதை வாங்கினாலும், உள்ளே இருப்பதை முழுசாகத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

நாட்டு மருந்துக் கடையில் அரைத்து வைத்த பொடிக்கும் தனித்தனிச் சரக்குக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அரைத்த பொடியில் என்ன இருக்கிறது என்று கடைக்காரரின் வாய்தான் சொல்ல வேண்டும். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் பச்சைப்பயறு, ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர் என்று தனித்தனியாகக் கட்டி வாங்கினால், ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, முகர்ந்து வாங்கலாம். மஞ்சளைத் தூளாக வாங்கவே வேண்டாம், கிழங்காக வாங்குங்கள். சாயம் கலப்பது தூளில்தான் சுலபம். மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்து மில்லுக்கு எடுத்துப் போங்கள். சிகைக்காய் அரைக்கும் மெஷினில்தான் போட வேண்டும் என்று நின்று சொல்லுங்கள். மிளகாய் அரைத்த மெஷினில் போட்டுவிட்டால் முகம் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பொடியில் வண்டும் பூஞ்சையும் வரும், அதனால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிற அளவு அரைக்காதீர்கள்.

கம்பெனி மூலிகை சோப்பை நான் ஒதுக்கமாட்டேன். அதற்குப் பின்பக்கம் என்று ஒன்று இருக்கிறது. 2020 அழகுசாதன விதிகளின்படி சேர்மானங்களை அளவு அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போடலாம். முன்பக்கம் கொத்துக் கொத்தாக ஆவாரம்பூ படம் இருக்கும். திருப்பினால் சோடியம் பால்மேட், தண்ணீர், டால்க், வாசனை என்று போய், ஆவாரம்பூ கடைசி வரியில் கிடக்கும். ஃபேஸ்வாஷில் இன்னும் ஒரு அடையாளம் உண்டு. பினாக்ஸிஎத்தனால் என்ற பதப்பொருளை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதி இல்லை. ஆகவே அந்தப் பெயருக்குப் பிறகு வரும் மூலிகை எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது.

சோப்பில் டிஎஃப்எம் எண்ணையும் பாருங்கள், அதாவது அதில் மொத்தக் கொழுப்புச் சத்து எத்தனை சதவீதம் என்பதை. முதல் தர டாய்லெட் சோப்புக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. ‘பேதிங் பார்’ என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும். சேர்மானப் பட்டியலிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: ‘பெர்ஃப்யூம்’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வாசனைப் பொருளையும் அடைத்துவிடலாம். அலர்ஜி உள்ளவர்கள் வாசனை சேர்க்காததையே தேட வேண்டும்.

வாட்ஸப்பிலும் இன்ஸ்டாவிலும் வரும் வீட்டு சோப்புதான் எனக்கு மனசு ஒப்பாதது. செய்கிற பெண்களின் உழைப்பு மேல் மரியாதை உண்டு. ஆனால் ‘கெமிக்கலே இல்லை’ என்று எழுதும்போது நம்பிக்கை போய்விடுகிறது. காஸ்டிக் சோடா மாதிரிக் காரம் இல்லாமல் எண்ணெய் சோப்பாகாது. சரியான அளவில் சேர்த்து, நாலிலிருந்து ஆறு வாரம் ஆறவிட்டால் அது எண்ணெயோடு சேர்ந்து மாறிவிடும், பயமில்லை. அதனால் சோப்பை அச்சில் ஊற்றிய தேதியைக் கேளுங்கள். சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் வாங்குங்கள். விற்பனைக்குச் செய்ய உரிமம் கட்டாயம், அந்த எண் லேபிளில் இருக்க வேண்டும். பதப்பொருள் சேர்க்காத கற்றாழை ஜெல்லை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தண்ணீர் உள்ள பண்டம், சென்னைச் சூட்டில் கிருமிக்குத் தொட்டில். மடலாக வாங்கி அன்றன்றைக்குச் சீவிக்கொள்வது மேல்.

தலைமுடிச் சாயத்தில் என் முடிவு குளியல் பொடிக்குச் சொன்னதற்கு நேர் எதிர். மருதாணி செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும். கறுப்பாக வேண்டுமென்றால் அவுரி சேர வேண்டும், அதற்கு நேரமும் பிடிக்கும். பத்தே நிமிடத்தில் கறுக்கும் ‘கறுப்பு மருதாணி’ என்றால் அதில் பாரா ஃபினைலின்டயமின் என்ற ரசாயனச் சாயப் பொருள் இருக்க வாய்ப்பு அதிகம். சிலருக்கு அது முகமே வீங்கும் அளவுக்கு ஒத்துக்கொள்ளாது. பெயர் தெரியாத பாக்கெட்டைவிட, அந்தச் சொல்லை அச்சிட்டிருக்கும் டப்பா எவ்வளவோ மேல்.

ஆக, உடம்புக்கு நாமே அரைத்த பொடி, ஃபேஸ்வாஷுக்கும் தலைச் சாயத்துக்கும் லேபிள் உள்ள கம்பெனிச் சரக்கு. அக்கா மகள் இப்போது ஐந்தே சாமான் போட்டு அரைக்கிறாள். பாட்டில் மேல் பிளாஸ்திரி ஒட்டி, ஐந்து பெயரையும் அரைத்த தேதியையும் எழுதி வைத்திருக்கிறாள்.