பிளேரா, ரிச்சர்ட் மாண்ட்கோமரியா?

மேரிலாந்தின் மாண்ட்கோமரி கவுண்டியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் வருஷா வருஷம் நடக்கும் வாக்குவாதம் இது. இரண்டும் அரசு உயர்நிலைப் பள்ளிகள்தான், கட்டணம் கிடையாது. இரண்டிலும் சிறப்புப் பிரிவில் சேர விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும்.

சில்வர் ஸ்பிரிங்கில் இருக்கும் மாண்ட்கோமரி பிளேரின் காந்தம் கணக்கு, அறிவியல், கணினி. குறிப்பிட்ட துறைகளில் ஆழமாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளைக் காந்தம் போல ஈர்க்கும் சிறப்புப் பிரிவைத்தான் மேக்னட் என்கிறார்கள்; இங்கே அது 1985 முதல் நடக்கிறது. புரோகிராமிங் அங்கே பாடத்திட்டத்தின் நடுத்தூண். கடைசி ஆண்டுக்கு ஓர் ஆய்வுத் திட்டம் உண்டு; அதற்காகக் கோடை விடுமுறையில் ஆய்வகம் தேடிப் போகும் பிள்ளைகள் பலர். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான தேசிய சுகாதார நிறுவனம் பெத்தெஸ்டாவில், பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. ஆனால் பள்ளி முழுவதும் சேர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை முதல் சில மாதங்கள் திணறும்.

ராக்வில்லில் உள்ள ரிச்சர்ட் மாண்ட்கோமரியில் ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம். ஆறு பாடங்கள், ஒன்றை நமக்கு எப்படித் தெரியும் என்று கேள்வி கேட்கும் ‘அறிவுக் கோட்பாடு’ வகுப்பு, 4,000 சொல் வரையிலான ஆய்வுக் கட்டுரை, சமூக சேவை எல்லாம் சேர்ந்தால்தான் டிப்ளமோ. கணக்கில் புலி என்பதால் வரலாற்றுக் கட்டுரையிலிருந்து தப்ப முடியாது.

எழுதப் பிடிக்காத பிள்ளையை, பெயருக்காக ஐபியில் தள்ளாதீர்கள். அதற்கு பிளேரே மேல். இரண்டையும் சமமாக ரசிக்கிற பிள்ளை என்றால், பஸ் பயண நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.