நானோகுழாய், நானோகம்பி வேலைக்கு சியெஸ்டா: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கார்பன் நானோகுழாய், சிலிக்கான் நானோகம்பி இரண்டுக்கும் டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துப் பொருளின் பண்புகளைக் கணிக்கும் முறை) கணக்கு போட பல வருடங்களாக சியெஸ்டா என்ற மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். இந்த வேலைக்கு இதைவிடத் தோதான இலவச மென்பொருளை நான் பார்க்கவில்லை. 2016-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் கிடைக்கிறது.

முக்கியக் காரணம் வெற்றிடம். குழாயோ கம்பியோ அச்சுத் திசையில் மட்டும்தான் நீள்கிறது, மற்ற இரண்டு திசையிலும் கணக்கில் திரும்பத் திரும்ப வரும் பக்கத்துப் பிம்பம் தொடாமலிருக்க 10, 15 ஆங்ஸ்ட்ராம் காலி இடம் விட்டாக வேண்டும். குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ போன்ற தள அலை நிரல்களில் (பெட்டி முழுக்கப் பரவும் அலைகளால் எலக்ட்ரான்களை விவரிப்பவை) அந்தக் காலி இடத்துக்கும் நேரமும் நினைவகமும் போகும். சியெஸ்டாவில் எலக்ட்ரான்களை விவரிக்கும் ஆர்பிட்டல்கள் ஒவ்வொரு அணுவைச் சுற்றியும் ஓர் எல்லையோடு நின்றுவிடுவதால் இங்கே அந்தச் செலவு மிகக் குறைவு. (10,0) குழாயின் (இந்த எண்கள் குழாய் எப்படிச் சுருட்டப்பட்டது என்பதைக் குறிப்பவை) அலகுக்கூட்டில், அதாவது திரும்பத் திரும்ப வரும் துண்டில், 40 அணுக்கள்தான், எதில் ஓட்டினாலும் ஓடிவிடும். கிட்டத்தட்ட அதே விட்டமுள்ள (6,5)-க்கு 364 அணுக்கள்! அங்கேதான் வித்தியாசம் தெரியும்.

சரி, தொல்லைகள். வடிவத் தளர்வு (விசை அடங்கும்வரை அணுக்களை நகர்த்தும் கணக்கு) ஓடும்போது விசை 0.04 எலக்ட்ரான்வோல்ட்/ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே இறங்காமல் 0.05, 0.06 என்று ஆடிக்கொண்டே இருக்கிறதா? கட்டமைப்பைச் சந்தேகிக்கும் முன் மெஷ்கட்டாஃபை (கணக்குக்கான கட்டப்புள்ளிகள் எவ்வளவு நெருக்கம் என்பதைத் தீர்மானிக்கும் அளவு) 300 ரிட்பெர்க்குக்கு (ஓர் ஆற்றல் அலகு) மேல் ஏற்றிப் பாருங்கள். அணு நகரும்போது கட்டப்புள்ளிகளுக்கும் அதற்கும் உள்ள தூரம் மாறுவதாலேயே ஆற்றல் கொஞ்சம் ஏறி இறங்கும், மெல்லிய கம்பிகளில் இது ரொம்பவே உறுத்தும். அடிப்படைத் தொகுதிக்கு, அதாவது கணக்கில் சேர்க்கும் ஆர்பிட்டல்களின் தொகுப்புக்கு, டிஇசட்பி என்ற வகை நல்ல தொடக்கம், ஆனால் எனர்ஜி ஷிஃப்டை (ஆர்பிட்டல் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு) குறைத்து ஒருமுறையாவது சோதிக்காமல் முடிவை வெளியிட வேண்டாம். (5,5) போன்ற உலோகக் குழாய்களில் எலக்ட்ரான் ஆற்றல் பட்டைகள் வெட்டிக்கொள்வது அச்சுத் திசையில் காமாவிலிருந்து (எலக்ட்ரான் அலைகளுக்கான மண்டலத்தின் மையம்) மண்டல எல்லைக்குச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், அந்த மண்டலத்தில் கணக்கிடும் கே-புள்ளிகள் குறைவாக இருந்தால் அந்த இடம் தவறிப்போய், இல்லாத ஆற்றல் இடைவெளி இருப்பதுபோல் தெரியும்.

சிலிக்கான் கம்பியின் மேற்பரப்பை ஹைட்ரஜனால் மூடிவிடுங்கள், தொங்கும் பிணைப்புகளை அப்படியே விட்டால் இடைவெளிக்கு நடுவே தேவையில்லாத நிலைகள் வந்து உட்காரும். அப்புறம் பிபிஇ (டிஎஃப்டியில் பரவலாகப் பயன்படும் ஒரு தோராயம்) தரும் இடைவெளியை எண்ணாக நம்பாதீர்கள். சிலிக்கான் படிகத்துக்கே சோதனையில் சுமார் 1.1 எலக்ட்ரான்வோல்ட் இருக்க, பிபிஇ 0.6-ஐ ஒட்டித்தான் சொல்லும். கம்பி மெலிய மெலிய இடைவெளி கூடும் போக்கை மட்டும் நம்பலாம், அதற்கு சியெஸ்டா தாராளமாகப் போதும்.