மானிட்டருக்குப் பதிலாக டிவி வாங்குகிறீர்களா? ‘சப்போர்ட்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கடையில் 4கே டெமோ வீடியோ ஓடும். பூ விரியும், கிளி பறக்கும், நிறம் கண்ணைப் பறிக்கும். "கம்ப்யூட்டருக்குத் தாராளமா போடலாம் சார், எச்.டி.எம்.ஐ இருக்கு" என்பார் விற்பவர். வீட்டில் இணைத்து ஒரு எக்செல் கோப்பைத் திறந்தால் எழுத்தெல்லாம் ஈரத்தாளில் மை ஊறியதுபோல ஓரம் கசிந்து கிடக்கும். திருப்பிக் கொடுக்கப் போனால், "பெட்டியைப் பிரிச்சாச்சு, டிவியில பழுது ஒண்ணும் இல்லையே" என்று கைவிரிப்பார்கள். இப்படி ஏமாறுபவர்கள் நிறையப் பேர்.

32 அங்குல டிவிகளில் இது அதிகம். பெட்டியில் "ஃபுல் எச்டி சப்போர்ட்" என்று போட்டிருக்கும். 1920×1080 பிக்சல் (படப் புள்ளி) உள்ள சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பது மட்டுமே அதற்குப் பொருள். உள்ளே பேனல், அதாவது திரை, 1366×768 ஆக இருந்தால், வந்த படத்தைச் சுருக்கித்தான் காட்டும். சினிமாவில் இது உறுத்தாது. சின்ன எழுத்தில் ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் சுழி எண்ண முடியாமல் போகும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 1920×1080 என்று காட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். கணினி அனுப்பும் சிக்னலைத்தான் அது சொல்கிறது. "நேட்டிவ் ரெசல்யூஷன் (பேனலில் உண்மையாகவே உள்ள பிக்சல் அளவு) என்ன?" என்று கேளுங்கள். உண்மையான ஃபுல் எச்டியே ஆனாலும் 32 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 69 பிக்சல்தான்; 24 அங்குல மானிட்டரில் 92. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய 43 அங்குல 4கே (3840×2160; அங்குலத்துக்குச் சுமார் 102) பரவாயில்லை.

"மோஷன் ரேட் 120", "240" என்பவை விளம்பர எண்கள். பேனலின் உண்மையான வேகம் பெரும்பாலும் அதில் பாதிதான்; "120" என்றால் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படம் மாறும். போர்ட்டையும் பாருங்கள்: எச்.டி.எம்.ஐ 1.4 என்றால் 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகும். 60 ஹெர்ட்ஸுக்கு 2.0 வேண்டும். "2.1" என்ற முத்திரையும் போதாது, 2.0-வின் வேகமே உள்ள போர்ட்டுக்கும் அந்தப் பெயரைப் போட விதி இடம் தருகிறது. 4கே 120 ஹெர்ட்ஸ் எந்தப் போர்ட்டில் வரும் என்று தனியாகக் கேளுங்கள்.

எழுத்து கசிவதற்கு முக்கியக் காரணம் குரோமா, அதாவது சிக்னலில் நிறத் தகவல் வரும் விதம். 4:2:0 முறையில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் வரும்; நிறம் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். டிஸ்க்கிலும் ஸ்ட்ரீமிங்கிலும் சினிமா வருவதே அப்படித்தான் என்பதால் டெமோவில் குறை தெரியாது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தைப் போட்டுப் பாருங்கள், மெல்லிய கோடுகள் கரைந்துபோகும். கணினிக்கு ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் வரும் 4:4:4 வேண்டும். டிவியில் அந்த இன்புட்டுக்கு "பி.சி" என்று பெயர் வையுங்கள், 4கே என்றால் அந்தப் போர்ட்டுக்கு டீப் கலர் அல்லது என்ஹான்ஸ்டு வசதியையும் போடுங்கள். கிராபிக்ஸ் செட்டிங்கில் ஆர்.ஜி.பி ஃபுல் தேர்ந்தெடுங்கள். டிவியிலும் பிளாக் லெவல் அதற்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் கறுப்பு வெளுக்கும் அல்லது இருட்டுப் பகுதி அப்பிக்கொள்ளும். இத்தனைக்குப் பிறகும் கசிந்தால் அந்த டிவிக்கு அவ்வளவுதான். அப்போது "கேபிளை மாத்துங்க" என்று தங்கமுலாம் கேபிளை விலை கூட்டித் தலையில் கட்டுவார்கள். வாங்காதீர்கள். கேபிள் கெட்டிருந்தால் படத்தில் புள்ளி மின்னும், திரை அணைந்து அணைந்து வரும். எழுத்தை மட்டும் அது மங்கவைக்காது.

பணம் கட்டும் முன் லேப்டாப்பைக் கொண்டுபோய் 10 நிமிடம் சோதியுங்கள். விண்டோஸில் ஸ்கேலிங்கை (எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கும் அளவை) 100% ஆக்குங்கள். டாஸ்க்பார் ஓரம் வெட்டுப்பட்டால் பிக்சர் சைஸை "ஜஸ்ட் ஸ்கேன்" அல்லது "ஸ்க்ரீன் ஃபிட்" ஆக்குங்கள். பெயின்ட்டில் 2×2 பிக்சல் படம் வரைந்து, குறுக்கு மூலைகள் இரண்டைக் கறுப்பாக்கி, டெஸ்க்டாப் பின்னணியில் "டைல்" போடுங்கள். திரை முழுக்க ஒரே சீரான சாம்பல் தெரிந்தால் பேனல் உண்மையானது. அலை அலையாகப் பட்டை தெரிந்தால் டிவி படத்தைச் சுருக்கியோ நீட்டியோ காட்டுகிறது. டிவியின் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடில் மவுஸை வேகமாக ஆட்டிப் பாருங்கள், அம்பு கையோடு வர வேண்டும்.

ஓ.எல்.இ.டி என்றால் வாரன்டி அட்டையில் "பர்ன்-இன்" (திரையில் படம் நிரந்தரமாகப் பதிவது) என்ற வரியைத் தேடிப் படியுங்கள். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் டாஸ்க்பார் நாளடைவில் தடமாகப் பதியலாம். பல வாரன்டிகளில் அது சேராது.

பில்லில் மாடல் எண்ணோடு "நேட்டிவ் 1920×1080" அல்லது "நேட்டிவ் 3840×2160, 60 ஹெர்ட்ஸ், 4:4:4" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்த டிவி வேண்டாம்.