பெயின்ட் அடித்துப் புதிதாக்கிய டை ராட் எண்டுகள்: பழைய மஸ்டாங் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கலிஃபோர்னியாவில் பழைய அமெரிக்கக் கார் வைத்திருக்கும் தமிழர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். 'கிளாசிக் கார் நிபுணர்கள்' என்று பலகை மாட்டிக்கொண்ட ஒரு பட்டறை, செய்யாத வேலைக்கு என்னிடம் ஏறத்தாழ 3,000 டாலர் வாங்கியது. பணத்தைக்கூட விட்டுவிடலாம். ஸ்டீயரிங்கில் கை வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லி, 880 நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும் ஒருவன் கையில் சாவியைக் கொடுத்தார்களே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கார் 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங், இரண்டு கதவு ஹார்ட்டாப். 289 கன அங்குல வி8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், பவர் ஸ்டீயரிங். அடையாள எண் 6R07C என்று தொடங்குகிறது. 6 என்பது 1966, R என்பது சான் ஹோசே தொழிற்சாலை, 07 ஹார்ட்டாப், C என்பது இரண்டு பேரல் கார்புரேட்டர் கொண்ட 289. சான் ஹோசே என்று பெயர் இருந்தாலும் அந்தத் தொழிற்சாலை நின்ற இடம் பக்கத்து ஊரான மில்பிடாஸ். 1983இல் அதை மூடினார்கள். அதே கட்டடம்தான் 1994 முதல் கிரேட் மால். நம்மவர்கள் வார இறுதியில் துணி வாங்கப் போகும் அதே இடத்தில் செய்யப்பட்ட கார் இது. நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இதை விற்றுவிட்டு வேறு வாங்கு என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

கோளாறு இதுதான். மணிக்கு 50 மைல் தாண்டினால் வண்டி நேராகப் போகாமல் அலைந்தது. ஸ்டீயரிங் சக்கரத்தை இரண்டு அங்குலம் திருப்பினாலும் டயர் அசையவில்லை. பிரேக் பிடிக்கும்போது முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம், கூடவே வண்டி ஒரு பக்கம் இழுத்தது. அறுபது வருடத்து வண்டியில் இவை எதுவும் வியப்பில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. கண்டுபிடிக்கும் முறையும் உண்டு.

பட்டறைக்காரர் வண்டியை லிஃப்டில் தூக்கினார். நான்கு சக்கரமும் காற்றில் தொங்க, முன் டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். "பாருங்கள், எல்லாம் போய்விட்டது" என்றார். ஸ்டீயரிங் பாக்ஸ் பிரித்துப் புதுப்பிப்பு, ஐட்லர் ஆர்ம், நான்கு டை ராட் எண்ட், இரண்டு மேல் பால் ஜாயிண்ட், வீல் அலைன்மெண்ட் என்று பட்டியல் நீண்டது. பழக்கமில்லாதவர்களுக்கு: ஸ்டீயரிங் பாக்ஸ் என்பது ஸ்டீயரிங் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சக்கரப் பெட்டி. டை ராட் எண்ட் என்பது முன் சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு. ஐட்லர் ஆர்ம் அந்தக் கம்பித் தொடரின் மறுபக்கத்தைத் தாங்கும் கை. பால் ஜாயிண்ட் சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு. அலைன்மெண்ட் என்பது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது. கையெழுத்துப் போடும்போதே வேலை உத்தரவில் "கழற்றிய பழைய உதிரிகள் எனக்கு வேண்டும்" என்று என் கையால் எழுதினேன். அவர் முகம் ஒரு கணம் மாறியதை அப்போதே கவனித்தேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது ஸ்டீயரிங் இறுக்கமாக இருந்தது. பரவாயில்லையே என்றுதான் யாருக்கும் தோன்றும். நெடுஞ்சாலை ஏறும் வளைவில் திரும்பி முடித்த பிறகும் ஸ்டீயரிங் சக்கரம் தானாக நடுவுக்கு வரவில்லை. கையால் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. நேர்ச்சாலையில் பழைய அலைச்சல் அப்படியே இருந்தது. பிரேக்கில் அதே 'டொக்'.

வீட்டுக்கு வந்ததும் அட்டைப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே நான்கு பழைய டை ராட் எண்டுகள், துருப்பிடித்து, ரப்பர் கிழிந்து, பார்க்கவே பரிதாபமாக. ஆனால் என் வண்டியில் இருந்தவற்றைவிட அவை மெலிந்திருந்தன. அந்த வருட மஸ்டாங்கில் ஆறு சிலிண்டர் வண்டிக்கும் வி8 வண்டிக்கும் முன்பக்கமே வேறு. ஆறு சிலிண்டருக்கு நான்கு போல்ட் சக்கரம், சின்ன டை ராட் எண்ட். வி8க்கு ஐந்து போல்ட், பெரிய எண்ட். ஒன்றை மற்றொன்றில் மாட்ட முடியாது. யாரோ ஒருவருடைய ஆறு சிலிண்டர் காரின் குப்பையை என் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, விளக்கோடு அடியில் படுத்தேன். டை ராட் எண்டுகள் கறுப்பாகப் பளபளத்தன. நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் பாலாடை போல உரிந்து வந்தது. அதன் கீழே பழைய கிரீஸும் மண்ணும் அப்படியே இருந்தன. துடைக்கக்கூட இல்லை. நட்டைப் பூட்டும் காட்டர் பின்னைப் பாருங்கள் என்று யாருக்கும் சொல்வேன். டை ராட் எண்டைக் கழற்ற வேண்டுமானால் அந்தப் பின்னை முதலில் பிடுங்க வேண்டும். ஒருமுறை பிடுங்கியதைத் திரும்பப் போடமாட்டார்கள், புதிதுதான் போட வேண்டும். என் வண்டியில் துருவேறிய பழைய பின்கள் மடங்கிய மடிப்பு கலையாமல் இருந்தன, மேலே பெயின்ட் வழிந்து உறைந்திருந்தது. இரண்டு எண்டுகளையும் இணைக்கும் குழாயின் கிளாம்ப் போல்ட்டில் துரு உடையவே இல்லை. முன் சக்கரங்கள் எவ்வளவு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கின்றன என்ற 'டோ' அளவைத் திருத்த அந்தக் கிளாம்பைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். ஆக, அலைன்மெண்ட்டும் பில்லில் மட்டும்தான் நடந்திருக்கிறது.

ஸ்டீயரிங் பாக்ஸில் நடந்தது இன்னும் மோசம். அதன் மூடியை இறுக்கும் போல்ட்டுகளைச் சுற்றி வருடக்கணக்கான எண்ணெய் அழுக்கு விரிசல் இல்லாமல் ஒட்டியிருந்தது. அந்த மூடியைத் திறக்காமல் உள்ளே எதையும் புதுப்பிக்க முடியாது. ஆனால் மூடியின் நடுவில் இருக்கும் சரிசெய் திருகின் பூட்டு நட்டில் மட்டும் ஸ்பேனர் பட்ட புதிய வெள்ளிக் கீறல்கள். அந்தத் திருகை இறுக்கினால் பற்கள் நெருங்கி, ஆட்டம் குறைந்தது போலத் தோன்றும். அளவு மீறி இறுக்கினால் சக்கரம் நடுவுக்குத் திரும்பாது, பல்லும் பால் பேரிங்கும் சீக்கிரமே தேய்ந்து வீணாகும். முழுப் புதுப்பிப்புக்குக் கூலி வாங்கிக்கொண்டு ஒரு ஸ்க்ரூடிரைவரைத் திருப்பியிருக்கிறார்கள். அதுவும் நன்றாக இருந்த பாக்ஸைக் கெடுக்கிற மாதிரி.

கேட்கப் போனேன். முதலில் "உதிரிகள் மாறிப்போயிருக்கும்" என்றார்கள். படங்களைக் காட்டியதும் "பழைய கார் என்றால் இப்படித்தான்" என்றார்கள். பழைய கார் இப்படித்தான் என்பது சுத்தப் பொய். ஒழுங்காகப் பராமரித்த 1966 மஸ்டாங் நெடுஞ்சாலையில் கோடு போட்டது போல நேராக ஓடும்.

ஹேவர்டில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் லிஃப்ட் பக்கமே போகவில்லை. வண்டியைத் தரையில், அதன் எடை டயர்மேல் இருக்கும்படி நிறுத்தினார். என்னை உள்ளே உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். அவர் கீழே குனிந்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார். தொங்கும் சக்கரத்தை ஆட்டுவதைவிட இதுதான் சரியான சோதனை. சக்கரம் எதிர்த்து நிற்கும்போதுதான் தேய்ந்த இடம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஸ்டீயரிங் தண்டு திரும்பியும் பாக்ஸிலிருந்து வெளியே வரும் கையான பிட்மேன் ஆர்ம் அசையாவிட்டால் குற்றம் பாக்ஸில். பிட்மேன் ஆர்ம் அசைந்தும் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பியான நடு லிங்க் அசையாவிட்டால், இந்த வண்டியில் அது பவர் ஸ்டீயரிங் கன்ட்ரோல் வால்வின் உருண்டை முனையான பால் ஸ்டட். நடு லிங்க்கின் மறுமுனை பக்கவாட்டில் போகாமல் மேலும் கீழும் துள்ளினால் ஐட்லர் ஆர்ம். என் வண்டியில் ஐட்லர் ஆர்ம் துள்ளியது, பால் ஸ்டட் லொடலொடத்தது. பாக்ஸில் குற்றமே இல்லை.

பால் ஜாயிண்ட்டுக்கு வந்தபோது அவர் ஜாக்கி வைத்த இடத்தைக் கவனித்தேன். முன் சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள், அதாவது ஆர்ம்கள், பிடித்திருக்கும். பல அமெரிக்கக் கார்களில் முன் ஸ்பிரிங் கீழ் ஆர்மின்மேல் உட்காரும். ஆகவே கீழ் ஆர்மின் அடியில் ஜாக்கி வைப்பார்கள். இந்த மஸ்டாங்கில் ஸ்பிரிங் மேல் ஆர்மின்மேல் இருக்கிறது. எடையைச் சுமப்பது மேல் பால் ஜாயிண்ட். கீழ் ஆர்மில் ஜாக்கி வைத்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் அந்த ஜாயிண்ட்டை இறுக்கிப் பிடித்துத் தேய்மானத்தை மறைத்துவிடும். வண்டியின் அடிச்சட்டத்தில் வைத்துத் தூக்க வேண்டும். இன்னொன்றும் செய்தார்: டயரை ஆட்டிக்கொண்டே என்னை பிரேக் மிதிக்கச் சொன்னார். ஆட்டம் சட்டென்று நின்றது. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங்கின் தளர்ச்சி, பால் ஜாயிண்ட் அல்ல. பேரிங் நட்டைச் சரியாக வைத்துப் புதிய காட்டர் பின் போட்டார். அந்த ஆட்டத்தைக் காட்டித்தான் முதல் பட்டறை இரண்டு பால் ஜாயிண்ட்டுக்குப் பணம் வாங்கியிருந்தது.

பிரேக்கில் கேட்ட 'டொக்' ஸ்ட்ரட் ராடின் ரப்பர் புஷ். கீழ் ஆர்மை முன்னோக்கிப் பிடித்திருக்கும் கம்பியின் நுனியில் இருக்கும் அந்த ரப்பர் வெடித்து உதிர்ந்துபோய், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சக்கரம் பின்னால் நகர்ந்திருக்கிறது. மொத்தப் பில்லில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஐட்லர் ஆர்மை மாற்றும்போது அவர் சொன்னதை நீங்களும் உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அதன் புஷ் ரப்பரில் இருப்பதால், முன் சக்கரங்களை நேராக வைத்துத்தான் நட்டை இறுக்க வேண்டும். திருப்பிய நிலையில் இறுக்கினால் முறுக்கிய ரப்பர் ஸ்டீயரிங்கை அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும். கீழ் ஆர்மின் புஷ்ஷுக்கும் ஏறக்குறைய இதே விதி: வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. ஐட்லர் ஆர்மின் விலை நூறு டாலருக்குள்தான் இருந்தது. டை ராட் எண்டுகளில் வெளிப்புறம் இரண்டு மட்டும் உண்மையில் தேய்ந்திருந்தன, அவற்றை மாற்றினார். கன்ட்ரோல் வால்வைப் பிரித்துப் பால் ஸ்டட்டையும் அதன் இருக்கையையும் மாற்றினார். பாக்ஸின் திருகைத் தளர்த்திச் சரியான அளவில் வைத்தார்.

நான் கேட்காமலே அவர் சொன்ன இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1966 மஸ்டாங்கின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. எங்கேயாவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967 மாடலில்தான் இரட்டை அறை வந்தது. "ஸ்டீயரிங்கைப் பார்த்தாயிற்று, அடுத்தது இதை மாற்றிக்கொள்" என்றார். நிபுணர் என்று பலகை வைத்தவர்கள் வாயிலிருந்து இது வரவேயில்லை.

இனி சட்டம். கலிஃபோர்னியாவில் கார் பட்டறைகள் எல்லாம் பீரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் என்ற மாநில அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும்; உங்கள் சம்மதம் இல்லாமல் அதைத் தாண்டி வசூலிக்கக் கூடாது. பில்லில் ஒவ்வொரு உதிரியும் புதியதா, பழையதா, புதுப்பித்ததா என்று குறிக்க வேண்டும். கழற்றிய உதிரியைக் கேட்டால் தர வேண்டும், ஆனால் வேலை உத்தரவு போடும்போதே கேட்டிருக்க வேண்டும். வாரன்ட்டிக்காகவோ மாற்று ஒப்பந்தத்திலோ திருப்பி அனுப்ப வேண்டிய உதிரி என்றால் தர வேண்டியதில்லை, காட்டியாவது ஆக வேண்டும். என் பாக்ஸின் பழைய பாகங்களைக் கேட்டபோது "திருப்பி அனுப்பிவிட்டோம்" என்று தப்பிக்கப் பார்த்தார்கள். எதையுமே காட்டவில்லை.

நான் அந்த அமைப்பிடம் புகார் கொடுத்தேன். வேலை உத்தரவு, பில், பெயின்ட் வழிந்த காட்டர் பின்னின் படம், நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்த இரண்டு அளவு டை ராட் எண்டுகளின் படம், இரண்டாவது மெக்கானிக்கின் எழுத்துக் குறிப்பு எல்லாவற்றையும் இணைத்தேன். அந்தப் பழைய எண்டுகளைத் தூக்கி எறியாமல் பெட்டியோடு வைத்திருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கொடு என்று பட்டறைக்கு உத்தரவிட அந்த அமைப்புக்கு அதிகாரம் இல்லை. சமரசம் பேசும், விதி மீறியிருந்தால் பதிவின்மேல் நடவடிக்கை எடுக்கும். அவர்கள் அழைத்துப் பேசிய பிறகு உதிரிகளுக்கான தொகை வந்தது. கூலியைத் தர மறுக்கிறார்கள். அதற்குச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது: தனிநபர் 12,500 டாலர் வரை வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். கிரெடிட் கார்டில் கட்டியவர்கள், அந்தத் தொகை முதலில் இடம்பெற்ற கார்டு பில் அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை, வழக்கு முடியட்டும். தென் விரிகுடாப் பகுதியில் அண்மையில் யாராவது பழைய காரின் முன்பக்க வேலையை முடித்து வாங்கியிருந்தால், அடுத்த முறை நெடுஞ்சாலை ஏறும் முன் வண்டியின் அடியில் ஒரு விளக்கைக் காட்டுங்கள். காட்டர் பின் புதியதா, கிளாம்ப் போல்ட்டில் துரு உடைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெயின்ட்டுக்குக் கீழே மண் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். படம் எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். புகாரை எப்படி நிரப்புவது என்பதை நானே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.