ஐநோட்டிஃபைவெயிட்: வெளியீட்டு வரியைத் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளுதல்

ஸ்கேன் செய்யப்பட்ட ஆவணங்கள் வந்து சேரும் கோப்புறை ஒன்றைக் கண்காணிக்க, லினக்ஸில் ஐநோட்டிஃபைவெயிட் என்னும் கட்டளைவரிக் கருவியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 2005இல் வெளியான 2.6.13 கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) சேர்ந்த, கோப்பு மாற்றங்களைத் தெரிவிக்கும் ஐநோட்டிஃபை வசதியை நம்பி இயங்குவதால், கோப்புறையை அடிக்கடி திறந்து பார்க்கும் வேலை இதற்கு இல்லை. கண்காணிப்பில் எனக்கு எந்தக் குறையும் தென்படவில்லை. என் கவனம் முழுவதும் அது அச்சிடும் வரியின் மீதுதான் இருந்தது.

இயல்பான வெளியீட்டில் கோப்புறை, நிகழ்வு, கோப்பின் பெயர் ஆகிய மூன்றும் வெற்றிடத்தால் மட்டுமே பிரிக்கப்படுகின்றன. கண்ணால் படிக்க இது போதும். ஆனால் 'வாடகை ஒப்பந்தம் மார்ச்' என்று பெயர் வைத்த கோப்புறை ஒன்று உள்ளே இருந்துவிட்டால், எந்தச் சொல்லோடு பாதை முடிகிறது என்பதை ஸ்கிரிப்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. புலங்களைக் காற்புள்ளியால் பிரித்துத் தரும் சிஎஸ்வி விருப்பம் விரிதாளுக்கு ஏற்றது என்றாலும், அதன் மேற்கோள் குறிகளைக் கட்டளைகளை இயக்கும் ஷெல் தானாகப் பிரித்தறியாது.

ஆகவே வரியின் வடிவத்தை நாமே குறிப்பிடும் ஃபார்மேட் விருப்பமே சரியான வழி. சதவீதக் குறியை அடுத்து டபிள்யூ வந்தால் கோப்புறை, எஃப் வந்தால் கோப்பு, சிறிய ஈ வந்தால் நிகழ்வு, பெரிய டி வந்தால் நேரம் அச்சாகும். நான் நேரத்தை முதலிலும் நிகழ்வை அடுத்தும் பாதையைக் கடைசியிலும் வைத்து, இடையில் செங்குத்துக் கோடு இடுகிறேன். வரியைப் படித்து மாறிகளில் இடும் ஷெல்லின் ரீட் கட்டளை மிச்சமுள்ள அனைத்தையும் கடைசி மாறியிலேயே சேர்ப்பதால், பெயருக்குள் வெற்றிடமோ செங்குத்துக் கோடோ இருந்தாலும் பாதை சிதைவதில்லை. கோப்புறைப் பெயர் சாய்கோட்டுடன் முடிவதால், டபிள்யூவையும் எஃப்பையும் ஒட்டி எழுதினாலே முழுப் பாதை கிடைத்துவிடும். பெயரில் புதிய வரிக் குறியே வரக்கூடிய இடங்களில், அண்மைப் பதிப்புகள் தரும் நல் (NUL) எனும் பூஜ்ய மதிப்புள்ள எழுத்தைப் பிரிப்பானாகக் கொள்வது நல்லது. பழைய பதிப்புகளில் அது இல்லை.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரிய டியைப் பயன்படுத்தும்போது, நேரத்தின் வடிவத்தைக் குறிக்கும் டைம்எஃப்எம்டி (timefmt) விருப்பத்தையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் கருவி பிழை சொல்லி நின்றுவிடும். ஆண்டு, மாதம், நாள், மணி என்ற வரிசையில் அமைத்தால், பதிவேட்டை அகரவரிசைப்படுத்தினாலே கால வரிசை கிடைக்கும். எனினும் கர்னல் அனுப்பும் நிகழ்வுப் பதிவில் நேரம் என்ற புலமே கிடையாது. அச்சாவது கருவி அந்த வரியை எழுதிய நேரம். அதுவும் நொடி அளவில் மட்டுமே. ஒரே நொடியில் நடந்த இரண்டு மாற்றங்களில் எது முந்தியது என்று அறிய, நேரத்தை விட்டுவிட்டு வரிகளின் வரிசையையே பார்க்க வேண்டும்.

ஃபார்மேட் சரத்திலேயே அடைப்புக்குறிகளை இட்டு, தரவுப் பரிமாற்ற வடிவமான ஜேசனில் வரி தயாரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயரில் உள்ள மேற்கோள் குறியை இக்கருவி மாற்றி எழுதாது என்பதால், அப்படி ஒரு பெயர் வந்த உடனே அந்த வரி செல்லாததாகிவிடும். ஜேசன் தேவைப்படும் இடங்களில், செங்குத்துக் கோட்டால் பிரித்த வரியையே ஜேசனைக் கையாளும் ஜேக்யூ கருவிக்கு மூல உள்ளீடாகக் கொடுத்து மாற்றிக்கொள்கிறேன்.